ழகரத்தைத் தின்ற வண்டில்

அத்தியாயம் 4

மணிவிழா மலரின் முதற்பக்கத்தில் அருளம்பலம் அவர்கள் கழுத்து மறைய மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார். படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் இப்படி அச்சாகியிருந்தது: ‘வாள்க பல்லாண்டு!’

லியோன் பக்கத்தைப் புரட்டினான். ‘யாள்ப்பாணம் தந்த தமிள்ச் சான்றோன்’ என்றது இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கத்தில் அவர் ‘பளகுதற்கு இனியவர்’ ஆகவும் ‘ஊளலறியா அதிபர்’ ஆகவும் இருந்தார்.

“அக்கா, இவையள் மனிசனை வாழ்த்தியிருக்கினமோ, வாளாலை வெட்டியிருக்கினமோ?”

யோசப்பின் என்ற அந்த அக்கா சிரிக்கவில்லை. பொய்யர்களைப் பிடிப்பதற்காகவே ஒரு கொழும்புக் காப்புறுதிக் கொம்பனி அவருக்குப் பல வருடம் சம்பளம் கொடுத்தது. தன் கடைக்குத் தானே நெருப்பு வைத்துவிட்டு வாசலில் குந்தியிருந்து ஒப்பாரி வைத்தவர்களை எல்லாம் பார்த்தவர். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு ஒரு சூட்கேசோடு யாழ்ப்பாணம் திரும்பியபோது, இங்கேயும் அந்தச் சரக்குக்குக் குறைவில்லை என்று கண்டு தொழிலைத் தொடர்ந்தார். லியோன் குருநகர்க்காரன். தியேட்டரில் றீல் ஓட்டியவன். தியேட்டர் மூடிய பிறகு அக்காவுக்காக மோட்டார் சைக்கிளையும் வாயையும் ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

இப்போது இருவரும் கொக்குவிலில், தேவகுமாரி வீட்டு முன்னறையில் இருந்தார்கள். மேசையில் ஒரு கொம்பியூட்டர். இந்த 1989-இல் கொம்பியூட்டர் என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் குடாநாட்டில் கொஞ்சப் பேர்தான். தெரிந்தது போல நடந்துகொண்டவர்கள் ஏராளம்.

தேவகுமாரி தெரிந்தவர்களில் ஒருத்தி. கணிதப் பட்டதாரி. தமிழில் ரைப் அடித்து அச்செடுக்க ஒரு புறோகிறாம் எழுதி, அதற்கு ‘வண்டில்’ என்று பெயர் வைத்தாள். அதை ஊருக்குச் சும்மா கொடுத்தாள். கொடுத்ததோடு நிற்காமல், உள்ளேயிருக்கும் கட்டளை வரிகளையும் அதே டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தாள். விரும்பியவர் விரும்பியபடி மாற்றலாம். ஒரேயொரு நிபந்தனை: மாற்றியதைத் திருப்பி அவளிடம் கொடுக்க வேண்டும். அவள் பார்த்து, நல்லதைச் சேர்த்து, மறுபடி எல்லோருக்கும் அனுப்புவாள். சேர்ச்காரர் பாட்டு இலக்கம் போடும் வசதியைச் சேர்த்தார்கள். கோயில்காரர் உபயகாரர் பெயரை நடுவில் பெரிதாகப் போடும் வசதியைச் சேர்த்தார்கள். வண்டில் ஊருக்கு ஊர் பாரம் ஏற்றிக்கொண்டு நன்றாகத்தான் ஓடியது, இந்த மணிவிழா வரும்வரை.

“திரையிலை ழ எண்டுதான் தெரியும் அக்கா,” என்றாள் தேவகுமாரி. “பிறின்ரருக்குப் போகேக்கை மட்டும் ள ஆகுது. அதாலை ஒருத்தரும் காணேல்லை. றோணியோ மெஷினிலை பிரதி அடிச்சு, மண்டபத்திலை குடுத்து முடிஞ்சாப் பிறகுதான் கண்டது.”

“ஆர் முதல் கண்டது?”

“அவரின்ரை சம்பந்தி.”

லியோன் மலரால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

“சிரியுங்கோ அண்ணை, சிரியுங்கோ. ஊரே சிரிக்குது.” தேவகுமாரியின் குரல் உடைந்தது. அழுகையைவிட அதில் ஆத்திரமே கூட இருந்தது. “இண்டைக்குப் பின்னேரம் வண்டில் பாவிக்கிறவையின்ரை கொமிற்றி கூடுது. தலைவர் உந்த அருளம்பலம்தான். சோமசேகரம் மாஸ்ரர் ‘தேர்’ எண்டு ஒரு புறோகிறாம் கொண்டு வந்திருக்கிறார். மெட்ராஸிலை ஒரு பெரிய புறொபெசர் செய்ததாம். பூட்டின பெட்டி. உள்ளுக்கை ஒருத்தரும் பார்க்கேலாது. இனி வண்டில் வேண்டாம், எல்லாரும் தேருக்கு மாறுறது எண்டு தீர்மானம் போடப்போகினம். அது போகட்டும். பெட்டைப்பிள்ளைக்குக் கவனம் காணாது, அதுதான் ழ-வைத் துலைச்சிட்டாள் எண்டு எல்லாருக்கும் முன்னாலை சொல்லியிருக்கினம். நான் ஒவ்வொரு வரியும் பார்த்துத்தான் சேர்க்கிறனான்!”

“அப்ப உந்த ள என்னெண்டு வந்தது?” என்றார் யோசப்பின்.

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். பிறகு காட்டினாள். திரும்பி வரும் டிஸ்க்கையும் தன்னிடமுள்ளதையும் ஒத்துப் பார்த்து, மாறிய வரிகளை மட்டும் எடுத்துக் காட்ட ஒரு சின்னப் புறோகிறாம் வைத்திருந்தாள். அந்த வரிகளைப் படித்தால் போதும். ஆனால் கடைசியாகக் கொடிகாமம் தில்லைநாதனிடமிருந்து வந்த டிஸ்க்கைப் போட்டபோது, எல்லா வரியும் மாறிவிட்டதாகத் திரை சொன்னது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஓர் இடைவெளி விட்டு யாரோ அழகாக ஒழுங்குபடுத்தியிருந்தார்கள். இடைவெளியும் மாற்றம்தானே. ஆயிரக்கணக்கான வரிகள். மணிவிழாக்காரர் வாசலில் நின்று அவசரப்படுத்தினார்கள். தில்லைநாதன் நல்ல பிள்ளை, துப்பரவாக்கியிருக்கிறான் என்று எண்ணி அவள் அப்படியே சேர்த்துவிட்டாள். ழ-வை ள ஆக்கும் வரி அதற்குள்தான் கிடந்தது.

“கெட்டிக்காரக் கள்ளன்,” என்றார் யோசப்பின். “தன்ரை காலடி தெரியாமலிருக்க முற்றம் முழுக்கக் கூட்டிவிட்டிருக்கிறான். லியோன், எழும்பும். கொடிகாமத்துக்கு விடும்.”

“உந்தத் தில்லைநாதனைப் பிடிச்சுக் கட்டிக்கொண்டு வரவோ அக்கா? கயிறு இருக்கு.”

“முதல் அவர் கூட்டுற ஆளோ எண்டு பாப்பம்.”

*

கூட்டுகிற ஆள் இல்லை என்று தெரிய அதிக நேரம் எடுக்கவில்லை.

தில்லைநாதனின் கடை கொடிகாமம் சந்தைக்குப் பின்னால் இருந்தது. மரக்கறி மொத்த வியாபாரம். வாழைக்குலைக்கு மேல் முருங்கைக்காய்க் கட்டு, அதற்கு மேல் குடை, குடைக்கு மேல் நேற்றைய பேப்பர். கொம்பியூட்டர் எங்கே என்று லியோன் கேட்டான். தில்லைநாதன் ஒரு சாக்கைத் தூக்கினார். கீழே அது இருந்தது. எழுத்துகளைத் தட்டும் பலகைக்குள் வெங்காயத் தோல் விழுந்து கிடந்தது.

“ஊதிப்போட்டு அடிச்சால் வேலை செய்யும்,” என்றார் தில்லைநாதன்.

மாற்றம் என்ன செய்தீர்கள் என்று யோசப்பின் கேட்டார்.

“ஒண்டுதான் அக்கா. சாக்கிலை கட்டுற துண்டிலை நிறையைப் போட ஒவ்வொருக்காலும் அந்தர் எண்டு முழுசா அடிக்கிறது கரைச்சல். அதுக்கு ஒரு சின்ன அடையாளம் போட்டனான். வேறை ஒண்டும் தொடேல்லை.”

“வரிக்கு வரி முன்னாலை இடைவெளி விடேல்லையோ?”

“ஏன் விடவேணும்?”

அந்தக் கேள்வியில் இருந்த ஆச்சரியம் நூறு சத்தியங்களுக்குச் சமம். வாழ்நாளில் இரண்டு பொருளை ஒரே நேர்கோட்டில் வைத்தறியாத மனிதர் அவர். தன்னுடைய சொந்தப் பிரதியைத் தேடினார். தராசுத் தட்டுக்குக் கீழே பார்த்தார், மாம்பழப் பெட்டிக்குள் பார்த்தார். கடைசியில் வெற்றிலைக் கூடைக்குள் அகப்பட்டது. அதை லியோன் வாங்கிச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டான்.

“கொக்குவிலுக்குப் போன டிஸ்க்கை ஆரிட்டைக் குடுத்தனீர் தம்பி?”

“சோமசேகரம் மாஸ்ரர் மாம்பழம் வாங்க வந்தவர். தேவகுமாரியின்ரை வீட்டுப் பக்கம்தான் போறன், தாரும் எண்டு வாங்கிக்கொண்டு போனவர். நல்ல மனிசன். மாம்பழத்தைக்கூட அளவு பார்த்துப் பார்த்து அடுக்கினவர்.”

வெளியே வந்ததும் லியோன் குதித்தான். “பிடிச்சாச்சு அக்கா!”

“என்னத்தைப் பிடிச்சனீர்? டிஸ்க் காவினது குற்றமெண்டால், இப்ப உம்மடை சேட்டுப் பையிலையும் ஒண்டு கிடக்கு. ஆள் தன்ரை வாயாலை கக்கவேணும்.”

திரும்பி வரும் வழியில் இந்தியன் ஆமியின் சோதனைச் சென்றியில் ஒரு சிப்பாய் அந்த டிஸ்க்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். என்ன இது என்று கையால் கேட்டான். “மியூசிக்,” என்றான் லியோன். சிப்பாய் அதைக் காதுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஏமாற்றத்தோடு கொடுத்தான். டிஸ்க்கைப் பற்றிக் கொமிற்றிக்காரருக்கும் அவ்வளவுதான் தெரியும் என்று லியோன் நினைத்துக்கொண்டான்.

*

சோமசேகரம் மாஸ்ரரின் கொம்பியூட்டர் இன்ஸ்ரிரியூட் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி றோட்டுக் கரையில் இருந்தது. வாசலில் ‘செருப்புகளைச் சோடியாக வைக்கவும்’ என்று எழுதியிருந்தது. உள்ளே கதிரைகள் நூல் பிடித்தது போல நின்றன. பென்சில்கள் கூர் மேலே தெரிய ஒரே உயரத்தில் நின்றன. டிஸ்க் பெட்டியில் டிஸ்க்குகள் அகரவரிசையில் நின்றன, ஒவ்வொன்றின் நெற்றியிலும் பெயர் ஒட்டி.

“வரிக்கு முன்னாலை இடைவெளி விட்ட கையை இப்பதான் காணுறன்,” என்று லியோன் முணுமுணுத்தான்.

“கண்டது காணும். வாயைத் திறக்க வைக்கவேணும். நீர் போய்ப் பிறின்ரருக்குப் பக்கத்திலை இரும்.”

கொமிற்றி கூடியது. பத்துப் பன்னிரண்டு பேர். அச்சகக்காரர், ரியூட்டரிக்காரர், கோயில் தர்மகர்த்தா ஒருவர். யார் கடைசியாகப் பேசினாரோ அவருக்குத் தலையாட்டுவது இவர்களுடைய வழக்கம். அருளம்பலம் தலைமைக் கதிரையில் இருந்தார். மணிவிழாவுக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு வந்ததாகத் தகவல் இல்லை. மூலையில் தேவகுமாரி கைகளை இறுகக் கட்டிக்கொண்டு இருந்தாள். பக்கத்துக் கதிரை காலி. அவளுக்கு அருகில் இருந்தால் தங்கள் ழகரமும் கெட்டுவிடும் என்று பயந்தார்களோ என்னவோ.

சோமசேகரம் மாஸ்ரர் எழுந்தார். கழுத்துப்பட்டி, பையில் இரண்டு பேனை, வாயில் மெட்ராஸ்.

“வண்டில் எண்டால் கண்டவன் நிண்டவன் எல்லாம் ஏறி மிதிக்கலாம். கொடிகாமத்து வெங்காய வியாபாரி மிதிச்சதாலை எங்கடை தலைவற்றை மானம் போச்சு. தேர் அப்பிடியில்லை. புறொபெசர் ஓடுற புறோகிறாமை மட்டும்தான் எனக்குத் தந்தவர். உள்ளுக்கை என்ன இருக்கெண்டு எனக்கே தெரியாது.”

தலைகள் ஆடின. யோசப்பின் கையை உயர்த்தினார்.

“மாஸ்ரர், கொடிகாமத்து டிஸ்க்கை நீங்கள்தானே கொண்டு வந்து குடுத்தனீங்கள்?”

“ஓம் மிஸ், நான்தான். உதவி செய்தது பிழையோ?” மாஸ்ரர் சபையைப் பார்த்துக் கையை விரித்தார். தலைகள் இன்னும் வேகமாக ஆடின. தேவகுமாரி கண்ணை மூடிக்கொண்டாள்.

“பிழையில்லை. நான் ஒண்டும் தெரியாத மனுசி, அறியத்தான் கேக்கிறன். தேரிலை நீங்கள் ஒண்டும் மாத்தேலாது?”

“மாத்தேலாது.”

“ஒரு எழுத்து?”

“எழுத்தென்ன, எழுத்துக்கு மேலை வைக்கிற ஒரு குத்துக்கூட என்னாலை மாத்தேலாது மிஸ். அதுதானே பாதுகாப்பு!”

“நல்லது. ஒருக்கா ஓட்டிக் காட்டுங்கோ.”

மாஸ்ரர் ஓட்டினார். திரையில் தேர் வந்தது, கொடியும் குடையுமாக. கீழே சுத்த மெட்ராஸ் பாணியில் எழுத்து ஓடியது: ‘டைப் செய்யவும். பிரிண்டர் ஆன் செய்யவும்.’ அருளம்பலம் திருப்தியோடு இருமினார்.

யோசப்பின் லியோனின் பக்கம் குனிந்தார். “மனிசன் மேடையிலை கதைக்கிறது ஒரு பாஷை. கால் கல்லிலை அடிபட்டால் கத்துறது வேறை பாஷை. உந்தத் தேருக்கு ஒரு கல்லை வையும்.”

லியோனுக்கு விளங்கியது. கால் நீட்டிச் சோம்பல் முறிப்பது போலப் பின்னால் சாய்ந்தான். அவன் கை பிறின்ரருக்குப் பின்னால் போய், கடதாசியை மெதுவாக உருவி எடுத்தது.

“தலைவற்றை பேரைத்தான் அடிச்சுக் காட்டுங்கோவன்,” என்றார் யோசப்பின்.

மாஸ்ரர் ‘வாழ்க அருளம்பலம்’ என்று அடித்து அச்சுக்கு விட்டார். பிறின்ரர் ஒருமுறை கனைத்துவிட்டு நின்றது. திரை சிவந்தது. நடுவில் ஓர் அறிவிப்பு வந்து நின்றது.

“தலைவர் அவர்களே, நீங்கள் அதிபராய் இருந்தனீங்கள். உதை ஒருக்கா எழுத்துக்கூட்டி வாசியுங்கோ.”

அருளம்பலம் கண்ணாடியை ஏற்றிவிட்டார். “பி. வல்லின றி. ன். இடையின ர. ர். பிறின்ரர். ‘பிறின்ரரில் பேப்பர் இல்லை.’ சரியாத்தானே இருக்கு?”

“சரியாத்தான் இருக்கு. உங்களுக்கும் எனக்கும். மெட்ராஸிலை ஆருக்கும் உது சரியோ? அங்கை பிரிண்டர் எண்டுதான் எழுதுவினம். மேலை பாருங்கோ, அப்பிடித்தான் கிடக்கு. வல்லின றி போட்டு, பிறகு ன்-க்குப் பக்கத்திலை ர போட்டு எழுதுறது இந்தக் குடாநாட்டிலை பள்ளிக்கூடம் போன கைதான்.”

தலைகள் மாஸ்ரர் பக்கம் திரும்பின. மாஸ்ரரின் கழுத்துப்பட்டி திடீரென இறுகியது போலத் தெரிந்தது.

“அது… எங்கடை சனத்துக்கு விளங்கட்டும் எண்டு அந்த ஒரு வசனத்தை நான்தான் எழுதினனான்.”

“குத்துக்கூட மாத்தேலாது எண்டியள்?” என்றான் லியோன், மிகுந்த மரியாதையோடு. “குத்து மாத்தேலாத இடத்திலை வசனம் எழுதியிருக்கிறியள். கையிலை என்ன, மந்திரக்கோலோ மாஸ்ரர்?”

யாரோ சிரித்தார்கள். சிரித்தவர் தர்மகர்த்தா என்று கண்டதும் எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்ரர் மேசையில் அடித்தார்.

“சரி! மெட்ராஸும் இல்லை, புறொபெசரும் இல்லை. வண்டிலைத்தான் மாத்தித் தேராக்கினனான். இப்ப என்ன? ஆரும் எதையும் மாத்தலாம் எண்டு சட்டம் வைச்சதே உந்தப் பிள்ளைதானே! சட்டப்படிதான் மாத்தினனான். எது குற்றம், சொல்லுங்கோ பாப்பம்!”

லியோனுக்குத் திக்கென்றது. ஏனென்றால் மனிதர் சொன்னது உண்மை. கொமிற்றியின் தலைகள் வெட்கமில்லாமல் மறுபடி ஆடத் தொடங்கின. அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா தேவகுமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேவகுமாரி எழுந்தாள்.

“ஓம். மாத்தலாம். மாஸ்ரர் சொல்லுறது சரி. மாத்தினதைத் திருப்பித் தரவேணும் எண்டதும் அதே சட்டம்தான். தாருங்கோ.”

“அது… வீட்டிலை கிடக்கு.”

“இல்லை, இஞ்சைதான் கிடக்கு,” என்றான் லியோன். டிஸ்க் பெட்டியில் அகரவரிசைப்படி, ‘தட்டச்சு’ என்பதற்கு அடுத்ததாக, ‘தேர் – கட்டளை வரிகள்’ என்று முத்து முத்தான எழுத்தில் பெயர் ஒட்டியிருந்தது. இவ்வளவு ஒழுங்கான மனிதருக்குப் பொய் சொல்லத்தான் தெரியும், ஒளிக்கத் தெரியாது.

தேவகுமாரி கதிரையை இழுத்து இருந்தாள். முதலில் தில்லைநாதனின் சொந்தப் பிரதியைப் போட்டாள். வரிகளுக்கு முன்னால் இடைவெளி இல்லை. ழ-வை ள ஆக்கும் வரியும் இல்லை. பிறகு கொடிகாமத்து டிஸ்க் என்று மாஸ்ரர் கொண்டுவந்து கொடுத்ததையும் தேரையும் ஒத்துப் பார்த்தாள். இரண்டிலும் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் அதே இடைவெளி. மாறியிருந்தவை கொஞ்சம்தான். வண்டில் என்ற பெயர் தேர் ஆகியிருந்தது, முகப்பில் மெட்ராஸ் பூச்சுப் பூசியிருந்தது, கடதாசி முடிந்தால் சொல்லும் வசனம் புதிதாக வந்திருந்தது. இன்னொன்று: ழ-வை ள ஆக்கும் வரி கொடிகாமத்து டிஸ்க்கில் இருந்தது, தேரில் இல்லை.

“தானே பிழையைப் போட்டு, தானே மருந்து விக்க வந்திருக்கிறார்,” என்றார் யோசப்பின். “கடைக்கு நெருப்பு வைச்சிட்டுத் தண்ணி வாளியோடை நிக்கிற ஆக்களை நான் நிறையக் கண்டிருக்கிறன். உவர் கழுத்துப்பட்டி கட்டியிருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.”

அருளம்பலம் மெல்ல எழுந்தார். “அப்ப எனக்கு வாள் வைச்சது நீரோ?”

தீர்மானம் கைவிடப்பட்டது. கொமிற்றியில் ஒவ்வொருவரும் தமக்கு முதலிலிருந்தே மாஸ்ரரில் சந்தேகம் இருந்ததாகப் பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார்கள். தேவகுமாரியின் பக்கத்துக் கதிரைக்கு இப்போது இரண்டு பேர் போட்டியிட்டார்கள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் அதை எதிர்பார்த்து நிற்கவுமில்லை. அவள் விரல்கள் ரைப் அடித்துக்கொண்டிருந்தன.

“என்ன பிள்ளை செய்யிறீர்?” என்று கேட்டார் யோசப்பின்.

“அந்தர் அடையாளம் நல்ல வேலை அக்கா, சேர்க்கிறன். பேப்பர் முடிஞ்சால் சொல்லுற வசனமும் நல்ல வேலை. அதையும் சேர்க்கிறன். இனி ஆர் எதை மாத்தினவை எண்டு வண்டில் துவங்கேக்கையே திரையிலை வரும். ஒருத்தற்றை வேலையும் மறைபடக்கூடாது.”

லியோன் அவள் தோளுக்கு மேலால் எட்டி வாசித்தான்.

‘அந்தர் அடையாளம்: தில்லைநாதன், கொடிகாமம்.
பேப்பர் அறிவிப்பு: சோமசேகரம், திருநெல்வேலி.
ழ-வை ள ஆக்கியது: அவரே.’

இந்த வண்டில் சாவகச்சேரிக்குப் போகும், பருத்தித்துறைக்குப் போகும், தீவுப்பகுதிக்கும் போகும். போகிற இடமெல்லாம் இந்த வரிகளைத்தான் முதலில் காட்டும். மாஸ்ரர் கிட்ட வந்து வாசித்தார். முகம் வெளுத்தது. இவ்வளவு நேரமும் சபைக்குப் பேசிய குரல் இப்போது கெஞ்சியது.

“பிள்ளை, நாலு இடத்துக்குப் போற சாமான். கடைசி வரியை மட்டும் எடுத்துவிடுமன்.”

தேவகுமாரி டிஸ்க்கை வெளியே எடுத்து அவரிடமே நீட்டினாள்.

“நீங்களே எடுத்துவிடுங்கோ மாஸ்ரர். வண்டிலை ஆரும் மாத்தலாம். மாத்தின ஆளின்ரை பேரையும் நான் கீழை போட்டுவிடுவன்.”